முதலாளியின் மீன் வாளி

போன பங்குனியில் ஒரு சனிக்கிழமை, எங்கள் தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில் ஒரு கடை வாசலில், மூடி போட்ட வெள்ளை வாளி ஒன்றைக் கண்டேன். ஊறுகாய் நிரப்பி வருகிற பெரிய பிளாஸ்டிக் வாளி. அதன் கைபிடிக் கம்பியில் நீலக் குழாய்த் துண்டு ஒன்று மாட்டி, மேலே கறுப்பு டேப் சுற்றியிருந்தது. அந்தக் குழாயை மாட்டியவன் நான். கம்பி விரல்களை அறுக்கிறது என்று, கடையின் பின்பக்கம் கிடந்த பழைய தண்ணீர்க் குழாயில் ஒரு சாண் வெட்டி, நீளப் பக்கமாகக் கீறி, நானே மாட்டினேன். பத்துப் பன்னிரண்டு வருடம் இருக்கும். டேப் கூட அதே டேப்தான். தெருவில் ஆட்கள் என்னை இடித்துக்கொண்டு போக, நான் அந்த வாளியைப் பார்த்தபடி நின்றேன். வாளிக்குப் பக்கத்தில் நின்ற மனிதரைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். அதற்கு முன் அவர் எனக்குச் செய்ததைச் சொல்ல வேண்டும். பழைய ஆட்களைப் பற்றி எழுதுகிறவர்கள் நல்லதாக நாலு வார்த்தை தேடிப் பிடித்து எழுதுவார்கள். நானும் தேடிப் பார்த்துவிட்டேன். ஒன்றும் அகப்படவில்லை.

அவரை நாங்கள் முதலாளி என்போம். கடையில் வேலை செய்த நாங்கள் மட்டுமல்ல, எதிரே தலைமயிர் வெட்டுகிற அண்ணையும், சந்தியில் கச்சான் கடலை விற்கிறவரும் கூட அப்படித்தான் கூப்பிட்டார்கள். அதில் அவருக்கு ஒரு எடுப்பு. முன்பக்கம் மரக்கறி, பின்பக்கம் மீன். நான் பின்பக்கம். பாரை, விளைமீன், அறக்குளா என்று ஐஸ் பெட்டியில் வந்து இறங்குவதைச் செதில் தட்டி, வயிறு கீறி, துண்டு போடுவது என் வேலை. குளிர்காலத்தில் ஐஸ் தண்ணீருக்குள் கை விறைத்து, கத்தி பட்டாலும் தெரியாது. அது பரவாயில்லை, எந்த வேலையிலும் கஷ்டம் இருக்கும். எனக்குப் பொறுக்க முடியாமல் இருந்தது அவருடைய வாய். ஊரில் அவருடைய தகப்பன் பெரிய புகையிலைத் தோட்டக்காரர். தகப்பனுடைய புகையிலையின் பெருமையைக் கேட்காமல் ஒருவரும் ஒரு கிலோ கத்தரிக்காய் வாங்கிக்கொண்டு போக முடியாது. “என்ரை அப்பற்றை இலையை விரிச்சால் ஒரு ஆள் படுக்கலாம்” என்பார். வாங்க வந்தவர்கள் பாவம், தலையாட்டுவார்கள்.

நான் அவரிடம் ஏன் கிடந்தேன் என்றால், எனக்குக் கார்ட் இல்லை, இந்த நாட்டில் இருக்க விடுகிற அட்டை. பிரெஞ்சு அரசிடம் கொடுத்த அகதி விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டு, மேல்முறையீடும் நிராகரிக்கப்பட்டவனுக்கு மிஞ்சியிருந்த ஒரே வழி, வேலை. முதலாளி ஒருவர் கொன்ட்ரா, அதாவது வேலை ஒப்பந்தம், எழுதிக் கையெழுத்து வைத்துக் கொடுத்தால், அதைப் பிரிபெக்சர் அலுவலகத்தில் கொடுத்து வதிவிட அனுமதி கேட்கலாம். ஊரில் அம்மா பாரிசவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்து படுக்கையில் கிடந்தார். நான் ஒரே பிள்ளை. கார்ட் இல்லாமல் ஊருக்குப் போகலாம், திரும்பி வர முடியாது. அம்மாவின் மருந்தும், பார்த்துக்கொள்கிற பெண்ணும் நான் இங்கிருந்து உழைப்பதில்தான் ஓடியது. ஆகவே கார்ட் கிடைத்தால் அம்மாவை உயிரோடு பார்க்கலாம், கிடைக்காவிட்டால் பார்க்க முடியாது. விஷயம் அவ்வளவுதான். அது முதலாளிக்கும் தெரியும். சித்தியின் மகள் அம்மாவின் முகத்துக்கு முன்னால் போனைப் பிடிக்கும்போது, கடையின் பின்பக்கம் நின்று அவரும் எட்டிப் பார்த்திருக்கிறார். “எப்ப மேனை வாறாய்?” என்று அம்மா கோணிய வாயால் கேட்டதை அவரும் கேட்டார். அன்றைக்கும் என் தோளில் தட்டி, “பாப்பம்” என்றார். அந்த மனிசனுடைய வாயில் நான் அதிகம் கேட்ட சொல் அது.

அந்தக் காலத்தில்தான் அவர் நகரத்துக்கு வெளியே எபினேயில் பின்வளவோடு ஒரு வீடு வாங்கினார். வீட்டை விற்றுவிட்டுப் போன பிரெஞ்சுக்காரர்கள் வேலியோரம் பிராம்புவாஸ் பற்றைகளை நட்டிருந்தார்கள். மெல்லிய முள்ளுத் தடிகள். ஆனி மாதம் சிவப்பாகப் பழுக்கும். உள்ளே கோறையாக இருப்பதால் பிள்ளைகள் விரல் நுனியில் தொப்பி போல மாட்டித் தின்பார்கள். வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு பிரெஞ்சுக்கார அம்மா இருந்தார். அவருடைய பற்றைகள் முதல் கோடையிலேயே பழம் தாங்காமல் வளைந்து நின்றதை முதலாளி கண்டுவிட்டார். அடுத்த நாள் கடையில் வந்து, “வாற வருசம் பாருங்கோ, இந்தத் தெருவிலை கடைக்கு ஒரு பெட்டி பழம் குடுப்பன்” என்று எல்லோருக்கும் சொன்னார். தோட்டக்காரன் மகன் அல்லவா. வெள்ளைக்காரியின் பற்றைக்குத் தோற்றுப்போகலாமோ.

அன்றிலிருந்து என்னுடைய ஞாயிற்றுக்கிழமைகள் போயின. கிழமை முழுக்க நான் கீறிப் போட்ட மீன் குடலையும் செவுளையும் கழுவிய தண்ணீரையும் அந்த வெள்ளை வாளியில் சேர்த்து, கடையின் பின்னால் புளிக்க வைக்க வேண்டும். ஞாயிறு காலை அதைத் தூக்கிக்கொண்டு கார் து நோர் ரெயில் நிலையத்துக்கு நடந்து, எபினே போகிற ரெயின் ஏற வேண்டும். முதலாளி காரில் போவார். வாளியைக் காரில் ஏற்ற மாட்டார், இருக்கையில் மணம் பிடித்துவிடுமாம். கோடையில் அந்த மூடிக்குள்ளிருந்து கிளம்புகிற நாற்றத்தை நான் எழுதி உங்களுக்கு விளங்க வைக்க முடியாது. நான் ஏறியதும் பெட்டியில் இருக்கிறவர்கள் ஒருவரை ஒருவர் பார்ப்பார்கள், பிறகு எழும்பி அடுத்த பெட்டிக்குப் போவார்கள். ஒருமுறை தொப்பி போட்ட ஒரு கிழவர் போகாமல் இருந்து, மூக்கைப் பொத்திக்கொண்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். ரெயின் குலுங்கி மூடி விலகி, என் சப்பாத்திலும் காற்சட்டையிலும் தெறித்தது. நான் காலை இருக்கைக்கு அடியில் ஒளித்தேன். நெடுக இப்படித்தான் போனேன். ரிக்கற் பரிசோதகர் ஏறினால் என்ன செய்வது என்ற பயம் வேறு. கையில் கார்ட் இல்லாதவன் நாறிக்கொண்டும் போகலாமோ?

தோட்டத்தில் அவர் கதிரை போட்டு உட்கார்ந்து கட்டளையிடுவார். பற்றைகளின் அடியைக் கிண்டி, கடையில் மிஞ்சிய முருங்கைத் தண்டு, வல்லாரைக் காம்பு, கோவா இலை எல்லாவற்றையும் புதைக்க வேண்டும். ஊரில் பூவரசங்குழையை வெட்டி மண்ணுக்குள் தாழ்ப்பார்களே, அதுதான். அதன் மேல் யூரியா. அதன் மேல் மீன் தண்ணி. பற்றைகள் என்னைவிட உயரமாக வளர்ந்து, கரும்பச்சை இலையாகச் சடைத்து நின்றன. அவருக்குச் சந்தோஷத்தில் புளுகம் தாங்கவில்லை. அடுத்து, இளவேனில் தொடங்கியதும், தடியின் கணுவுக்குக் கணு பக்கத் தளிர் வெடிக்கத் தொடங்கும். அவை விரலளவு வளர்ந்ததும், ஒன்று விடாமல் முறிக்கச் சொல்வார். “பக்கத்துத் தளிரை விட்டால் சத்தெல்லாம் அதுக்குப் போயிடும். முறி, முறி.” புகையிலைக்கு அதுதான் முறை. புகையிலையில் இலைதான் விளைச்சல். பூக்க விடக்கூடாது, பக்கத்தால் கிளைக்க விடக்கூடாது. தகப்பன் செய்ததைப் பார்த்து வளர்ந்த மனிசனுக்குப் பயிர் என்றால் அது ஒன்றுதான். பழம் வேண்டுமென்று நட்டு நிற்கிற செடிக்கும் அதையே செய்தார். நானும் தோட்டக்காரன் பிள்ளையில்லை, எனக்கும் தெரியாது. குந்தியும் எழும்பியும் முறித்தேன். கை முழுக்க முள்.

அந்த வருடம் ஒரு பழம் வரவில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் அந்த அம்மா கூடை கூடையாக ஆய்ந்தார். முதலாளி அதைப் பார்த்துவிட்டு வந்து கடையில் என் மேல் விழுந்தார். “உன்ரை கை ராசியில்லாத கை. நீ தொட்டது ஒண்டும் காய்க்காது.” வாடிக்கையாளர்களுக்கு முன்னால். அப்போது தலைமயிர் வெட்டுகிற அண்ணை உள்ளே நின்றார். நல்ல மனிசன். பேச்சை மாற்ற நினைத்து, “முதலாளி, அது கிடக்கட்டும், பொடியன்ரை தாய் சரியான வருத்தமாம், அந்தக் கொன்ட்ராவை ஒருக்கா எழுதிக் குடுங்கோவன்” என்றார். முதலாளி தராசில் கிடந்த வெங்காயத்தைப் பார்த்துக்கொண்டு, “ஓம் ஓம். பற்றை காய்க்கட்டும். காய்ச்ச அடுத்த நாளே எழுதுவன். எல்லாருக்கும் முன்னாலை சொல்லுறன்” என்றார். நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் பல்லைக் காட்டினேன். பகிடி என்றுதான் நினைத்தேன். பிறகு எப்போது கேட்டாலும், “என்ன, காய்ச்சிட்டுதோ?” என்று திருப்பிக் கேட்டார். அதோடு விளங்கிவிட்டது. என் அம்மாவின் உயிரையும் அவருடைய வேலியோரத்துப் பற்றையையும் அந்த மனிசன் ஒன்றாக முடிச்சுப் போட்டுவிட்டார். அன்றைக்கு என் கையில் மீன் வெட்டுகிற கத்தி இருந்தது என்பதை நினைத்தால் இன்றைக்கும் பயமாக இருக்கிறது.

அடுத்த இளவேனிலில் நான் தளிர் முறித்துக்கொண்டிருக்க, பக்கத்து வீட்டு அம்மா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார். மணத்துக்கு மூக்கைச் சுளித்து, “கூடிப்போச்சு மிசியு, சரியாய்க் கூடிப்போச்சு” என்று பிரெஞ்சில் சொன்னார். தன்னுடைய பற்றைகளைக் காட்டினார். குளிர் முடிகிற நேரத்தில் அடியில் ஒரு சிரங்கை, ஒரு கையால் அள்ளுகிற அளவு, மக்கிய குப்பை, அவ்வளவுதானாம். பிறகு என் கையிலிருந்த தளிர் ஒன்றை வாங்கி, நகத்தால் நுனியைப் பிரித்துக் காட்டினார். உள்ளே கடுகைவிடச் சின்னதாகப் பச்சை மொட்டுகள். “இதுதான் பழம்” என்றார். என் காலடியில் கடகம் நிறைய முறித்த தளிர்கள் கிடந்தன. அவ்வளவும் நானே என் கையால் முறித்தவை. ஓடிப்போய் முதலாளியிடம் சொன்னேன். அவர் கதிரையை விட்டு எழும்பவில்லை. “புகையிலைத் தோட்டத்திலை பிறந்தவனுக்கு நீ பாடம் எடுக்கிறியோ? அந்த மனிசிக்கு எரிச்சல். பற்றை எங்கடை உயரத்துக்கு வளரேல்லை எண்ட எரிச்சல். விசர்க்கதை கதையாமல் போய் வேலையைப் பார்.”

போய் வேலையைப் பார்த்தேன். ஆனால் வளவின் மூலையில் நின்ற கொட்டிலுக்குப் பின்னால், காஞ்சோண்டிப் புதருக்குள், தனியாக ஒரு பற்றை நின்றது. முதலாளி சொறிக்குப் பயந்து அந்தப் பக்கம் போவதில்லை. அதன் பக்கத் தளிரில் நான் கை வைக்கவில்லை. மீன் தண்ணியில் ஒரு சொட்டு ஊற்றவில்லை, யூரியா காட்டவில்லை. பக்கத்து வீட்டு அம்மாவிடம் ஒரு சிரங்கை மக்கல் வாங்கி அடியில் போட்டதோடு சரி. பிறகு ஞாயிற்றுக்கு ஞாயிறு போனதும் முதலில் அதைத்தான் எட்டிப் பார்த்தேன். பூ வந்தது. தேனீ வந்தது. பச்சைக் காய் வந்தது. அந்தச் சித்திரை, வைகாசி முழுக்க நான் நேர்த்திக்கடன் வைத்தவன் போலத் திரிந்தேன். அம்மா அப்போது சாப்பாட்டைக் குறைத்துவிட்டார். போனில் என்னைப் பார்த்தால் கண் மட்டும் அசையும். “வாறன் அம்மா, பழுக்கட்டும்” என்று ஒருமுறை வாய் தவறிச் சொல்லிவிட்டேன். என்ன பழுக்க வேண்டும் என்று அவருக்கு எப்படித் தெரியும்.

ஆனியில் பழுத்தது. இலை மறைய அல்ல, ஆனால் கை நிறைய, கண் நிறைய. முதலாளியைக் கூட்டிக்கொண்டு போனேன். காஞ்சோண்டியை முன்னமே வெட்டி வழி செய்து வைத்திருந்தேன். அவர் ஒரு பழத்தை ஆய்ந்து வாயில் போட்டார், இன்னொன்று போட்டார். முகம் மலர்ந்துவிட்டது. “பாத்தியே. என்ரை உரம். நான் சொன்னனான் எல்லோ.” அங்கே நான் வாயை மூடிக்கொண்டு நின்றிருக்கலாம். ஓம் முதலாளி, உங்கள் உரம்தான் என்று சொல்லியிருந்தால் அடுத்த நாளே கையெழுத்து விழுந்திருக்குமோ என்னவோ. ஆனால் எனக்கு உள்ளுக்குள் அவ்வளவு சந்தோஷம். மற்றப் பற்றைகளும் இனிக் காய்க்கும், வழி தெரிந்துவிட்டது, மனிசனும் சந்தோஷப்படுவார் என்று நம்பினேன். “இதுக்கு ஒண்டும் போடேல்லை முதலாளி. தளிரும் முறிக்கேல்லை. அந்த அம்மா சொன்னது சரிதான்” என்றேன்.

மென்றுகொண்டிருந்த வாய் நின்றது. பழத்தை விழுங்கிவிட்டுத்தான் பேசினார். “அப்ப நான் சொன்னதை நீ செய்யேல்லை.” இன்னும் சில பழங்களை ஆய்ந்து கையில் சேர்த்தார். “சொன்ன வேலையைச் செய்யாதவனுக்கு எப்பிடியடா கொன்ட்ரா எழுதுறது? நாளைக்குக் கடையிலையும் உன்ரை எண்ணத்துக்குத்தானே செய்வாய்.” காய்த்தால் எழுதுவேன் என்று தெருவுக்கே சொன்னீர்களே என்று கேட்டேன். “அது வரிசையிலை நிக்கிற பற்றையளைச் சொன்னனான். இது காட்டுப் பற்றை” என்றார். கெஞ்சினேன். அம்மாவைச் சொன்னேன். அவர் ஆய்ந்த பழங்களைக் கைலேஞ்சியில் பொதிந்துகொண்டு வீட்டுக்குள் போய்விட்டார். மனிசப் பிறவிகளில் இப்படியும் ஒன்று இருக்கிறது என்று அன்றைக்குத்தான் கண்டேன்.

அந்த மாதம் முடியவில்லை, அம்மா போய்விட்டார். சித்தப்பாவின் மகன் கொள்ளி வைத்ததை நான் கடையின் பின்பக்கம், மீன் பெட்டி மேல் இருந்து, போனில் பார்த்தேன். இடையில் படம் நின்று போய், திரும்பி வரும்போது எல்லாம் முடிந்துவிட்டிருந்தது. முப்பத்தோராம் நாள் தலைமயிர் வெட்டுகிற அண்ணை தன்னுடைய கடையைப் பூட்டி, கதிரைகளை ஒதுக்கி, அம்மாவின் படம் வைத்துப் படைக்க இடம் தந்தார். முதலாளி அங்கே வந்தார். வெறுங்கையோடு வரவில்லை. ஒரு பெட்டி பிராம்புவாஸ். அந்தக் கொட்டிலுக்குப் பின்னால் நின்ற பற்றையின் கடைசிப் பழங்கள். “கொம்மாக்குப் படை” என்று நீட்டினார். பிறகு வந்திருந்தவர்களிடம், வேட்டி நுனியைப் பிடித்தபடி, எபினேயில் தன் தோட்டம் காய்த்த கதையைச் சொல்லத் தொடங்கினார். உரம் பற்றியும் சொன்னார். பழங்கள் நசிந்து, படத்துக்கு முன்னால் விரித்த வெள்ளைத் துணியில் சிவப்பாக ஊறியது. நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் வெளியே குப்பைத் தொட்டியில் போட்டேன். அடுத்த நாள் கடைக்குப் போகவில்லை.

பிறகு வேறொரு சாப்பாட்டுக் கடைக்காரி, என்னை முன்பின் தெரியாதவர், சேர்ந்த சில மாதங்களில் கொன்ட்ரா எழுதித் தந்தார். கார்ட் வந்தது. ஊருக்குப் போனேன், பூட்டிய வீட்டைத் திறந்து பார்த்தேன், வந்தேன். இப்போது ஒபர்வில்லியேயில் ஒரு களஞ்சியத்தில் வேலை. கல்யாணம் கட்டி சார்செலில் இருக்கிறோம். லா சப்பலுக்கு வந்தாலும் அந்தத் தெருவால் நான் போவதில்லை. அந்தச் சனிக்கிழமை மனைவி கேட்ட அரிசிமா வேறெங்கும் அகப்படாமல்தான் அந்தப் பக்கம் திரும்பினேன்.

வாளிக்குப் பக்கத்தில் முதலாளி நின்றார். ஆள் பாதியாகப் போய்விட்டார். கழுத்தில் மப்ளர், கையில் தடி, பக்கத்தில் சில்லு வைத்த சாமான் வண்டி. வாளியை வண்டியில் ஏற்ற முடியாமல் மூச்சு வாங்கினார். கடைக்குள் நின்ற மகனைக் கூப்பிட்டார். மகன் போனிலிருந்து கண்ணை எடுக்காமல், பிரெஞ்சில் ஏதோ சொல்லிவிட்டு உள்ளே போனான். திரும்பியவர் என்னைக் கண்டார். கண்ணைச் சுருக்கிப் பார்த்து, “அடே தம்பி, நீயோ” என்றார். கையைப் பிடித்துக்கொண்டார். விட மாட்டேன் என்கிறார்.

“காரும் ஓட ஏலாது இப்ப. ரெயினிலைதான் போறன். சனம் எல்லாம் எழும்பிப் போகுது” என்றார். “அந்தப் பற்றையள் ஒருக்காலும் காய்க்கேல்லையடா. நீ போனாப் பிறகு ஒரு பழம் இல்லை. கொட்டிலுக்குப் பின்னாலை நிண்டதுக்கும் நான் போட்டுப் பாத்தன், அதுவும் நிண்டு போச்சுது.” இருமினார். இருமி முடிய நேரமெடுத்தது. “டொக்டர் சொல்லுற கதையைப் பாத்தால் வாற வருசம் எனக்கு இருக்கோ தெரியாது. இந்த முறை ஒரு பழமெண்டாலும் என்ரை வளவிலை ஆய்ஞ்சு சாப்பிடோணும் எண்டு கிடக்கு.” பிறகு குரலைத் தாழ்த்தி, தெருவில் யாரும் கேட்டுவிடக் கூடாது என்பது போல, “நீ அண்டைக்கு ஏதோ சொன்னாய். தளிர் முறிக்கக் கூடாது, உரமும் வேண்டாமெண்டு. அதுதானோ சரி?” என்று கேட்டார்.

பங்குனி மாதம். தளிர்கள் அப்போதுதான் வெடிக்கத் தொடங்கியிருக்கும். அந்த வாளியை அங்கேயே கவிழ்த்துவிட்டு, பற்றைகளில் கை வைக்காமல் விட்டால், ஆனியில் அவருக்குப் பழம் உண்டு. எனக்கு அது நன்றாகத் தெரியும். என் கையைப் பிடித்திருந்த அவருடைய கை குளிர்ந்து கிடந்தது.

“சீ, அது எனக்கு ஒண்டும் விளங்காத நேரம் சொன்ன விசர்க்கதை முதலாளி” என்றேன். “நீங்கள் செய்ததுதான் சரி. உரம் காணாது. இன்னும் ஊத்துங்கோ. தளிர் ஒண்டையும் விடாதேங்கோ, முறியுங்கோ.”

அவருடைய முகம் மலர்ந்தது. “நானும் அதைத்தான் நினைச்சனான்” என்றார். “அப்பற்றை முறை பிழைக்குமோ.” நல்லாயிரு என்று என் தோளில் தட்டினார். வாளியைத் தூக்கி அவருடைய வண்டியில் வைத்தேன். நீலக் குழாய் கைக்கு இதமாகத்தான் இருந்தது. மூடி ஒரு பக்கம் எழும்பி நின்றது. போகிற வழியில் ஒரு சொட்டும் சிந்திவிடக் கூடாது என்று, சுற்றி வர முஷ்டியால் குத்தி, நானே இறுக்கி மூடிக் கொடுத்தேன்.